ஆய்ஸ்டர் பெட் என்றால்

தன் வேலை என்னவென்று ஒருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் தீபிகாவுக்கு உயிர் போய் உயிர் வந்துவிடும். ஆய்ஸ்டர் பெட். இரண்டே சொல். அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த கேள்வி முத்து கிடைக்குமா என்பதுதான். கிடைக்காது, இது வேறு சிப்பி என்றால், அப்போ சாப்பிடலாமா என்பார்கள். சாப்பிடுகிற சிப்பிதான், ஆனால் அடையாற்று முகத்துவாரத்தில் இருப்பதைச் சாப்பிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான் என்றால், அப்புறம் அது எதுக்கு என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். முத்தும் தராமல், தின்னவும் உதவாமல் ஓர் உயிர் எதற்காக இருக்க வேண்டும் என்பதில் சென்னை மாநகரத்துக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியப்பா சண்முகவேல் இன்னும் ஒரு படி மேலே போனார். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, கடை ஆட்கள் அத்தனை பேரும் கேட்கும்படி, "ஏட்டி, பெட்டுன்னா மெத்தைதானே? அதுக்கா அத்தனை வருசம் படிச்ச?" என்றார். கடை ஆட்கள் சிரிக்கக் கூடாது என்பதற்காகப் புடவைகளை மடிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

தமிழில் சொன்னால் தீர்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் அவளும் நம்பினாள். அவள் வேலை பார்க்கும் தரமணி இன்ஸ்டிட்யூட்டில், முகத்துவாரக் கரையில் வைக்கும் பலகைக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். 'சிப்பிப் படுக்கை' என்று ஒருவர் சொன்னார். எழுதிப் பார்த்ததில் ஏதோ ஆயுர்வேத வைத்தியம் போல இருந்தது. முத்துக்குளிக்கிற கடலில் பழங்காலம் தொட்டு 'பார்' என்றுதானே சொல்கிறார்கள், முத்துப் பார் மாதிரி சிப்பிப் பார் என்று வைக்கலாமே என்று தீபிகாவே எடுத்துக் கொடுத்தாள். நல்ல சொல், நம்முடைய சொல். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கரையில சிப்பிப் பார்னு போர்டு வெச்சோம்னா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வர்ற கூட்டத்தை நீங்கதான் சமாளிக்கணும்" என்றார். கடைசியில் பலகையில் 'ஆய்ஸ்டர் பெட்' என்றே தமிழ் எழுத்தில் எழுதி நட்டார்கள். காலையில் நடக்க வருகிறவர்கள் அதன்மேல் துண்டைக் காயப் போட்டார்கள்.

அந்த இங்கிலீஷ் சொல்லோடும் அவளுக்குச் சண்டை இருந்தது. பெட் என்றால் கீழே ஒன்று விரித்திருக்கும், மேலே ஒருவர் படுத்திருப்பார். சிப்பிக்கு அந்தச் சொகுசு இல்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு கொஞ்ச நாள் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும். அப்புறம் ஒட்டிக்கொள்ளக் கெட்டியாக ஏதாவது வேண்டும். சேறு ஆகாது, மணல் ஆகாது. அதற்கு ரொம்பவும் பிடித்த இடம், செத்துப்போன வேறொரு சிப்பியின் ஓடு. அதில் ஒட்டி, அங்கேயே வளர்ந்து, அங்கேயே சாகும். அந்த ஓட்டின்மேல் அடுத்தது வந்து ஒட்டும். இப்படி ஏறி ஏறித் தண்ணீருக்கடியில் ஒரு திட்டாகிவிடும். அதுதான் பெட். சிப்பி படுத்திருக்கிற இடம் வேறு, சிப்பி வேறு என்று அதில் பிரிக்கவே முடியாது. அந்தத் திட்டு இருந்தால் தண்ணீர் தெளியும், மீன் வரும், கரை அரிக்காது. முத்துக்கும் சாப்பாட்டுக்கும் வெளியே இவ்வளவு இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

அடையாற்று முகத்துவாரத்தில் அந்தத் திட்டுகள் தூர்வாரியதில் போய்விட்டன. வருஷா வருஷம் குஞ்சுகள் மிதந்து வந்து, ஒட்ட இடமில்லாமல் செத்துப் போயின. பழைய ஓடுகளைச் சேர்த்து, கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, வலைப்பையில் கட்டி, குஞ்சுகள் வருகிற அதே சமயத்தில் முகத்துவாரத்தில் இறக்கி ஒரு புதுத் திட்டை ஆரம்பித்து வைப்பதுதான் தீபிகாவின் வேலை. சமயம் தப்பினால் ஓட்டின்மேல் பாசி படிந்துவிடும், குஞ்சு ஒட்டாது. போன வருஷம் அனுமதிக் கடிதம் வருவதற்குள் சமயம் தப்பிவிட்டது. இந்தப் பங்குனியிலும் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று இன்ஸ்டிட்யூட்டில் சொல்லியாகிவிட்டது. மூடினால் அவளுக்கு வேலை இல்லை, முகத்துவாரத்தில் சிப்பியும் இல்லை.

இத்தனையையும் அவள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்ல முடியாது.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் மாடிப் போர்ஷனில் அவள் குடியிருந்தாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கிடைக்க அவள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். மந்தைவெளியில் ஒரு அம்மாள் அட்வான்ஸ் வரைக்கும் வந்துவிட்டு, மீன் என்ற சொல் காதில் விழுந்ததும் கேட்டைச் சாத்தினாள். ஆகையால் இந்த வீட்டுக்காரர் ஸ்ரீவத்சன் மாமா ஊஞ்சலில் உட்கார்ந்து, "மாமிசம் சாப்பிடறவாளுக்கு நாங்க விடறதில்லே" என்றபோது, "நாங்க திருநெல்வேலி சைவம் மாமா, முட்டைகூடக் கிடையாது" என்று தைரியமாகச் சொன்னாள். அது உண்மை. வாழ்நாளில் அவள் சிப்பியைத் தொடாத நாள் குறைவு, தின்ற நாள் ஒன்றுமில்லை. "உத்தியோகம்?" என்று மாமா கேட்டதும்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. "தண்ணி சம்பந்தப்பட்டது" என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது வினை. மாமா அவளை மெட்ரோ வாட்டர் ஆபீசில் பெரிய அதிகாரி என்று முடிவு கட்டிவிட்டார். லாரி ஒரு நாள் வராவிட்டாலும், "என்ன தீபிகா, உங்க லாரியைக் காணுமே" என்று மாடிப்படியின் கீழே நின்று கேட்பார். அவளும் வேறு வழியில்லாமல், "கேட்டுச் சொல்றேன் மாமா" என்பாள். யாருடைய லாரிக்கோ இரண்டு வருஷமாக அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் பார்த்து இன்ஸ்டிட்யூட் பின்கட்டைப் புதுக் கட்டடத்துக்காகத் தோண்டிவிட்டார்கள். ஓடு உலர்த்த இடமில்லை. முன்பக்கம் பரப்பினால் எதிர் ஆபீஸ்காரர்கள் வாடை அடிக்கிறது என்று புகார் எழுதினார்கள். குப்பத்துப் படகுக்காரர் மதிவாணன் உதவியோடு கரையிலேயே பிரஷ் போட்டுத் தேய்த்து, பலமுறை அலசி, வாடை போன பிறகு மூட்டை மூட்டையாக ஓடுகளைக் கொண்டுவந்து, சந்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மொட்டை மாடியில் ஏற்றினாள். மாமாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறமாட்டார். மாமி பத்மாசனி எப்போதாவது வருவாள். தீபிகா அன்றாடம் ஆபீஸ் போகுமுன் ஓடுகளையெல்லாம் பரப்பி, வந்ததும் புரட்டிவிட்டு, முதுகு ஒடிந்து படுப்பாள். பங்குனி வெயில் தன் வேலையைச் செய்தது. ஓடுகள் வெளுத்து, தட்டினால் கிண்ணென்று சத்தம் வரும் அளவுக்குக் காய்ந்தன. மறுபடி மூட்டை கட்டி, மாடிச் சுவரோரம் அடுக்கி வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை படகு. அதற்கு நடுவில் தூத்துக்குடியில் ஒரு பயிலரங்கம், போயே தீர வேண்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று சாயங்காலம் மாமா அவளைக் கூப்பிட்டார்.

"மாடியில என்னவோ மூட்டை அடுக்கியிருக்கியாமே. மாமி பார்த்துட்டு வந்து சொன்னா."

சிப்பி என்றால் சதை, சதை என்றால் மந்தைவெளிக் கேட். அவசரமாக யோசித்ததில் தீபிகாவுக்கு ஒரு சுத்தமான சொல் கிடைத்தது.

"கிளிஞ்சல் மாமா. ஆபீஸ் வேலைக்கு."

"கிளிஞ்சலா?" மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பேஷ். இப்பல்லாம் நல்ல கிளிஞ்சல் எங்கே கிடைக்கறது? திருவிழாவுக்கு மனுஷா வரப்போறா, சுவரெல்லாம் பார்த்தியோ, பெயிண்ட் அடிச்சா உரிஞ்சு உரிஞ்சு விழறது. பழைய சுவர், அதுக்கு ஆகாதுங்கறான் கொத்தனார். நமக்கும் கொஞ்சம் கிடைச்சா தேவலை."

கேட் சாத்தப்படவில்லை என்ற நிம்மதியில் அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. "உங்களுக்கு இல்லாததா மாமா, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

திருநெல்வேலியில் 'உங்களுக்கு இல்லாததா' என்பது வாயில் தானாக வருகிற மரியாதை. கையில் கட்டியிருக்கும் கடிகாரம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், "உங்களுக்கு இல்லாததா, எடுத்துக்கிடுங்க" என்பார்கள். சொன்னவரும் கழற்றமாட்டார், கேட்டவரும் கையை நீட்டமாட்டார், இருவரும் சிரித்துவிட்டு காப்பி குடிக்கப் போவார்கள். தீபிகா பிறந்ததிலிருந்து இதைச் சொல்லி வளர்ந்தவள். ஸ்ரீவத்சன் மாமா வேலைக் காலம் முழுவதையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கழித்தவர். அங்கே எடுத்துக்கோங்க என்றால் எடுத்துக்கொள்வது என்று அர்த்தம்.

தூத்துக்குடியிலிருந்து வியாழக்கிழமை காலையில் எழும்பூரில் வந்து இறங்கினாள். ஆட்டோ மயிலாப்பூருக்குள் நுழையும்போது மதிவாணன் போன் பண்ணினார்.

"மேடம், குஞ்சு வந்துச்சான்னு பாக்க நீங்க தண்ணியில கண்ணாடி கட்டி வுட்டீங்களே, அதுல புள்ளி புள்ளியா ஒட்டிக்கினு கீது. நல்லாவே தெரியுது."

"நெசமாவா?"

"நான் இன்னாத்துக்கு மேடம் பொய் சொல்லப் போறேன். நேத்தே பார்த்துட்டேன். போன வருசம் மாரி வுட்டுடாதீங்க. நாளைக்கு மூட்டைய எறக்கிடலாம்ல?"

"எறக்கிடலாம்ணா" என்றாள். ஆட்டோவில் உட்கார்ந்தபடியே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக, குஞ்சும் வந்திருக்கிறது, ஓடும் தயாராக இருக்கிறது, அனுமதியும் கையில் இருக்கிறது. இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

வாசலில் கால் வைத்ததும் கண் கூசியது. வீடு முழுவதும் பளீரென்று வெள்ளை. கூடம், மாடிப்படி, சமையலறை, பூஜையறை, எல்லாம் புதுச்சுவர். மூக்கில் ஈரச் சுண்ணாம்பின் மணம். மாமி கோலமாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"வந்தியா? பாரு, உன் புண்ணியத்துல நம்மாத்துச் சுவரெல்லாம் எப்படி ஜொலிக்கறது."

"என் புண்ணியமா?"

ஊஞ்சலில் இருந்து மாமா எழுந்துவிட்டார். முழங்கால் வலியைக்கூட மறந்துவிட்டு அவளைக் கையோடு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார். "வடக்கே ஒருத்தன் இன்னும் சுண்ணாம்புக் காளவாய் வெச்சிருக்கான், எனக்கு ரொம்ப நாளாத் தெரிஞ்சவன். வண்டி அனுப்பினான். உன் மூட்டையைப் பிரிச்சுப் பார்த்துட்டு அசந்துட்டான் போ. இவ்வளவு சுத்தமா, இவ்வளவு நன்னாக் காய்ஞ்ச கிளிஞ்சல் என் ஆயுசுல பார்த்ததில்லேங்கறான். ஒரே சூட்டில எரிஞ்சு, பூ மாதிரி சுண்ணாம்பா நீறிடுத்தாம்."

தீபிகா மாடிக்கு ஓடினாள். மொட்டை மாடி துடைத்து வைத்தது போல இருந்தது. சுவரோரம் காலிச் சாக்குகளை மாமி துவைத்துக் காய வைத்து, நான்காக மடித்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்லும் வைத்திருந்தாள். ஒரு மூட்டைகூட மிச்சமில்லை. ஓர் ஓடுகூட இல்லை.

யாரைத் திட்டுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. மாமாவைத் திட்டலாம் என்றால் அவர் கேட்டுவிட்டு எடுத்திருக்கிறார். மாமியைத் திட்டலாம் என்றால் அவள் சாக்கைக்கூடத் துவைத்து வைத்திருக்கிறாள். கொடுத்தவள் அவளேதான், சிரித்த முகத்தோடு கொடுத்திருக்கிறாள். தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கீழே வந்தபோது மாமி காப்பி டம்ளரை நீட்டினாள். தீபிகா வாங்கவில்லை.

"மாமா, எல்லாத்தையுமா எடுத்தீங்க?"

"நீதானேம்மா எடுத்துக்கோங்கன்னே."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாமா. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"சும்மா ஒரு பேச்சுக்கு எடுத்துக்கோங்கன்னு சொல்லுவாளா?" மாமாவுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. "வேணும்னா சொல்லு, வேற கிளிஞ்சல் எங்கேயாவது விசாரிக்கறேன்."

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு இரண்டு வருஷப் பொறுமையும் போய்விட்டது.

"அது கிளிஞ்சல் இல்ல மாமா. நான் மெட்ரோ வாட்டர்லயும் இல்ல. அந்த லாரிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது சிப்பி. ஆய்ஸ்டர். உள்ள சதையோட இருக்கிற சிப்பி. பெரிய ஹோட்டல்ல சாப்பிட்டுட்டுத் தட்டுல போட்டுட்டுப் போன ஓடு."

மாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "சாப்பிட்டுட்டுப் போட்டதா?"

"ஆமா மாமி."

"அப்போ எச்சில்?"

"எச்சில்தான்."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பூஜையறைச் சுவரைப் பார்த்தார்கள். பெருமாள் படத்துக்குப் பின்னால் அது கண்ணைப் பறித்தது. "காளவாய்ல வெந்துடுத்து" என்றார் மாமா. மாமிக்குச் சொன்னாரா, பெருமாளுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

தீபிகாவுக்கு இனி நிறுத்த முடியவில்லை. குஞ்சு மிதப்பதையும், ஒட்ட இடமில்லாமல் சாவதையும், போன வருஷம் சமயம் தப்பியதையும், நாளைக்குப் படகு இருப்பதையும், இந்த வருஷத்தோடு எல்லாவற்றையும் மூடப்போவதையும் ஒரே மூச்சில் கொட்டினாள். இத்தனை நாளில் முத்தா, சாப்பாடா என்று கேட்காமல் அவளை முழுவதும் பேசவிட்டவர் மாமா ஒருவர்தான். பயத்தில் கேட்டாரோ, பழக்கத்தில் கேட்டாரோ, கடைசிவரை கேட்டார்.

"ஆய்ஸ்டர் பெட்டுன்னு பேப்பர்ல எப்பவோ வாசிச்சிருக்கேன்" என்றார். "ஏதோ கடலுக்கடியில ஒரு இடம்னு நெனைச்சுண்டிருந்தேன்."

"இடம் இல்ல மாமா. அந்த ஓடுதான் பெட். நீங்க எரிச்சதுதான்."

மாமா ஊஞ்சலில் உட்கார்ந்தார். ஆடாமல் காலை ஊன்றிக்கொண்டார். "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார்.

"சொன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பீங்க."

அப்படியெல்லாம் சொல்வேனா என்று அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். மறுத்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சூடாகக் கேட்க வசதியாக இருந்திருக்கும்.

"சொல்லித்தான் இருப்பேன்" என்றார் மாமா.

சொல்லியிருந்தால் வீடு போயிருக்கும். சொல்லாததால் ஓடு போயிற்று. எப்படிப் புரட்டினாலும் நஷ்டம் அவள் பக்கம்தான். "அப்போ நான் என்னதான் மாமா பண்ணியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க" என்றாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தும் குரல் உடைந்தது.

மாமா எழுந்து போய்ச் சுவரில் கையை வைத்தார். இன்னும் சரியாக உலராத இடம். உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது. அதை வேஷ்டியில் துடைக்கப் போனவர் துடைக்காமல் நின்றுவிட்டார்.

"வேற ஓடு கிடைக்குமா?"

"கிடைக்கும். மதிவாணன் அண்ணன்கிட்ட சொன்னா ஹோட்டல் ஹோட்டலா ஏறி வாங்கிட்டு வந்துடுவார். ஆனா வெயில்ல வாரக்கணக்கா உலர்த்த இப்ப நேரம் இல்ல. குஞ்சு இன்னும் பத்து நாள் தண்ணியில இருக்கும், அதுக்கு மேல இருக்காது."

"அப்போ?"

"கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து, ஒட்டியிருக்கிற சதையைச் சுரண்டிட்டு, நாலு நாள் நல்ல வெயில்ல போட்டா போதும். இன்ஸ்டிட்யூட்ல இடம் இல்ல. குப்பத்துல அடுப்பு வைக்கலாம்னா கடல் காத்துல நிக்காது. ஒரு மொட்டை மாடி வேணும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது முடியாதுன்னு எனக்குத் தெரியும். நான் கேக்கல. எங்க பெரியப்பா கடை மாடில கேட்டுப் பாக்கேன். அவரு சேலை குடோனுக்கு மேல விடமாட்டாரு, இருந்தாலும் கேக்கேன்."

"சதை இருக்குமா?" என்றார் மாமா.

"இருக்கும்."

"நாத்தம்?"

"வேகும்போது தெரு முனை வரைக்கும் வரும்."

மாமி பூஜையறை வாசலிலிருந்து, "ஏன்னா, என்ன கேட்டுண்டிருக்கேள்?" என்றாள். மாமா அவள் பக்கம் திரும்பவில்லை. சுண்ணாம்பு ஒட்டிய கையைத் தீபிகாவிடம் நீட்டிக் காட்டினார்.

"உன் பொருளை எரிச்சு என் சுவத்துல பூசிண்டு உக்காந்திருக்கேன். உன்னை வெளியில போன்னு நான் எந்த வாயால சொல்றது?" அவர் குரலில் அன்பெல்லாம் ஒன்றும் இல்லை. தவறான கிளெய்மைத் தானே பாஸ் பண்ணிவிட்ட இன்ஷூரன்ஸ்காரரின் எரிச்சல்தான் இருந்தது. "அவனைக் கூப்பிடு. கொண்டுவரச் சொல்லு. அடுப்பை மாடியில பின்பக்கமா வெச்சுக்கோ."

தீபிகாவுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. அவள் இன்னும் கோபமாகத்தான் இருந்தாள், மாமாமேல் பாதி, தன்மேல் பாதி. நாளைய படகை அடுத்த வெள்ளிக்குத் தள்ள வேண்டும், டைரக்டருக்கு என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், இரண்டு பெரிய அண்டா வாடகைக்கு எடுக்க வேண்டும். போனை எடுத்து மதிவாணன் நம்பரைப் போட்டாள்.

"அண்ணா, நம்ம ஓடு எல்லாம் போயிடுச்சு. அப்புறம் சொல்றேன். புதுசா வேணும், இன்னிக்கே. கழுவாதது இருந்தாலும் பரவால்ல, மயிலாப்பூர் வீட்டுக்கே கொண்டாங்க."

அந்தப் பக்கம் மதிவாணன், "அங்க ஐயிரு வூடாச்சே மேடம், இன்னா சொல்றீங்க" என்றது கூடம் வரை கேட்டது.

மாமி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை உங்க அக்கா, அத்திம்பேர், பெங்களூர்லேர்ந்து குழந்தைகள் எல்லாரும் திருவிழாவுக்கு வந்து இறங்கறா. வந்தவா மூக்கைப் பிடிச்சுண்டு இது என்னன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"சிப்பி வேகறதுன்னு சொல்லு" என்றார் ஸ்ரீவத்சன் மாமா.